பின்சீட்டு வார்த்தை

மந்தைவெளி பஸ் டெர்மினஸுக்குப் பின்னால் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் வகுப்பு, நடுவில் ஜாப் டைப்பிங். பதினேழு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஊராருக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். லேட்டாக வந்தவர், லீவு சொல்லாமல் ஊருக்குப் போனவர், சூப்பர்வைசரிடம் வாய் கொடுத்தவர் எல்லாரும் மெமோவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். மெமோ இங்கிலீஷில் இருக்கும். பதிலும் இங்கிலீஷில் போக வேண்டும். அதற்கு என் விரல் நுனியில் ஒரு கடிதம் உண்டு. தங்கள் மெமோ கிடைத்தது, நடந்ததற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், என் குடும்பத்தை உத்தேசித்து இந்த ஒரு தடவை மன்னிக்கவும், இனிமேல் இப்படி நடக்காது, தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன். பேரையும் தேதியையும் மட்டும் மாற்றி அடிப்பேன். ஐந்து நிமிஷ வேலை. பத்தில் ஒன்பது பேருக்கு விஷயம் அதோடு முடிந்துவிடும்.

அந்தக் கடிதமே ஒரு மனுஷனின் வேலைக்கு உலை வைக்கும் என்று தொண்ணூற்று மூணு ஜூலை கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று காலை வகுப்பு முடிந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஜைதூன் பீ உள்ளே வந்தாள். என் கடைக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள். அவள் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷா, அடையாற்றில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவர். பத்து நாளைக்கு முன்னால்தான் அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அடித்துக் கொடுத்திருந்தேன். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. கையிலிருந்த காகிதத்தை என் மிஷின் மேல் வைத்தாள்.

“டீச்சரம்மா, எங்க ஊட்டுக்காரரு குடிச்சிட்டு வண்டி ஓட்டுனாருன்னு நீங்களே எழுதிக் குடுத்துக்கிறீங்களாமே. இன்னாம்மா இது?”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் ஏன் அப்படி எழுதப்போகிறேன், யாரோ உளறினதைக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் கத்தாதே என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை எடுத்தேன். படித்து முடித்தபோது கோபம் போய்விட்டது.

அது சார்ஜ் ஷீட். பதினான்காம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு, வேலை நேரத்தில் நீர் ஸ்லாஷ்டு நிலையில் இருந்தீர். கம்பெனி காரை தி.நகரில் ஒரு ஓட்டல் கேட்டில் மோதினீர். இதை உம்முடைய கடிதத்தில் நீரே ஒப்புக்கொண்டிருக்கிறீர். உம்மை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது? அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை.

ஸ்லாஷ்டு. அந்த வார்த்தையை முதல் மெமோவிலேயே பார்த்திருந்தேன். எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆபீசில் திட்டுகிற ஏதோ ஒரு வார்த்தை, நமக்கென்ன என்று தாண்டிப் போய்விட்டேன். ஒரு டைப்பிஸ்ட் அப்படித் தாண்டிப் போகலாமா? போனேன். பாஷா அன்று கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தப்பு நடந்ததா பாய் என்று கேட்டேன். ஆமாம் டீச்சரம்மா, தப்புத்தான் என்று தலையைக் குனிந்துகொண்டார். மேலே ஏதோ சொல்ல வந்தார். கதையெல்லாம் வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள் என்று நான்தான் வாயை அடைத்தேன். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.

ஜைதூன் பீயை நிற்க வைத்துவிட்டு அலமாரியிலிருந்து டிக்‌ஷனரியை எடுத்துத் தேடினேன். என்னுடையது பழைய புத்தகம். தண்ணீர் சளசளவென்று அலம்புவது என்று போட்டிருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த லாவண்யாவைக் கூப்பிட்டேன். காலேஜில் படிக்கிற பெண். அவள் களுக்கென்று சிரித்துவிட்டு, “ஃபுல் மப்புன்னு அர்த்தம் டீச்சர், நாங்க ஹாஸ்டல் ஃபிரெண்ட்ஸ்கிட்ட சும்மா சொல்லுவோம், தூங்கி வழிஞ்சாக்கூட” என்றாள். ஜைதூன் பீயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

குடித்ததாக டிஸ்மிஸ் ஆன டிரைவரை மெட்ராஸில் யார் வேலைக்கு வைப்பார்கள்? கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஐம்பது வயதில் அந்த மனுஷன் வேறு எந்தத் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொள்வார்? ஜைதூன் பீ அதையெல்லாம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் கடையைப் பூட்டினேன். இந்த முடிச்சை நான்தான் போட்டேன், நான்தான் அவிழ்ப்பேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு அவளோடு நடந்தேன்.

பாஷா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சஸ்பெண்ட் ஆகி நாலு நாள், சவரம் இல்லை. வலது கன்னம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. குடித்தீர்களா என்று நான் நேரடியாகக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு எந்தத் தப்பை ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் ஜைதூன் பீயைப் பார்த்தார், அவள் சொல்லித் தொலையுங்கள் என்பது மாதிரி கையை ஆட்டினாள்.

கடைவாய்ப் பல். மூன்று நாளாக வலி, சோறு இறங்கவில்லை. பதினான்காம் தேதி மத்தியானம் ஜெனரல் மானேஜர் ஜெயராமைத் தி.நகர் ஓட்டலில் விருந்துக்கு இறக்கிவிட்டார். மூன்று மணிக்கு வா என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இவர் வலி பொறுக்காமல் கம்பெனி காரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் போய், ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு திரும்பிவிட்டார். தி.நகர் கடைத்தெருக் கூட்டத்தில் வந்து சேரவே பெரும்பாடு. ஜெயராம் ஏறினார். அடையாறா சார் என்று இவர் கேட்டது கொழகொழவென்று வந்தது. உதடு மரத்திருந்தது, எச்சில் ஒழுகியது. மூன்று நாள் பட்டினி வேறு, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கேட் தூணில் உரசிவிட்டார். ஜெயராம் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

“அப்பவே சொல்லிக்கலாமில்ல பாய்” என்றேன்.

“வாயத் தொறந்தா ரத்தம் வருது. அப்பால யோசிச்சா, கம்பெனி வண்டிய சொந்த வேலைக்கு எடுத்தேன்னு சொல்லணும். இருவத்திரண்டு வருஷத்துல என் பொண்ணு பிரசவத்துக்குக்கூட அந்த வண்டில ஏத்தினதில்ல டீச்சரம்மா. அந்தப் பேரு போயிடுமேன்னு பயந்துக்கினேன். மெமோ வந்தப்ப அதுக்குத்தான்னு நெனச்சேன். மன்னிப்புக் கேட்டேன்.”

மெமோவில் என்ன போட்டிருந்தது என்று இப்போதாவது சொல்ல வேண்டியது என் கடமை. அந்த வார்த்தையைச் சொன்னேன். பாஷா நிமிர்ந்தார். அவருக்கு ஏபிசிடி தெரியாது, ஆனால் அந்த வார்த்தை தெரிந்திருந்தது.

தெரியாமல் எப்படி இருக்கும்? இருபத்திரண்டு வருஷமாக அது அவர் முதுகுக்குப் பின்னால்தானே புழங்குகிறது. ஜெயராம் சார் கிளப்பிலிருந்து வரும்போது கூட வருகிற நண்பரிடம், நேத்து நான் ஃபுல்லா ஸ்லாஷ்டு என்று பெருமையாகச் சொல்வாராம். மச்சினனைப் பற்றிச் சொல்லும்போது அதே வார்த்தை எரிச்சலாக வருமாம். மனைவியின் தம்பிதானே, அப்படித்தான் வரும். பெரிய கஸ்டமர் யாராவது என்றால், பாவம், கொஞ்சம் ஸ்லாஷ்டு, பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்று அதுவே மரியாதையாக வருமாம். நடை தள்ளாடினாலும் அது, படியில் உட்கார்ந்து பாட்டுப் பாடினாலும் அது, சீட்டில் வாந்தி எடுத்தாலும் அது. பாஷா அவர்களைத் தோளில் தாங்கி லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வீட்டில் யாராவது கேட்டால் சாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்.

“ஜாலியா சொல்ற வார்த்தம்மா அது. அதப் போட்டா எனக்கு எழுதிக்கிறாங்க?”

அவர் கண் கலங்கியது. நான் கூடச் சேர்ந்து அழுகிறவள் இல்லை, எனக்குக் கோபம்தான் வரும். வந்தது. எழுந்து நின்று, கச்சேரி ரோட்டில் எந்த டாக்டர் என்று கேட்டேன்.

கார் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று பாஷா மறுபடியும் இழுத்தார். ஜைதூன் பீ சமையல் கட்டிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். குடிகாரன் பெண்டாட்டி என்று தெருவில் நடக்க என்னால் முடியாது, பல்லைப் பிடுங்க வண்டி எடுத்தவன் பெண்டாட்டி என்று நடப்பேன், வெள்ளிக்கிழமை நீ வாயைத் திறக்கிறாய் என்றாள். அவர் சரி என்றார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். “முஸ்லிம் குடிக்க மாட்டான்னு மட்டும் எழுதாதீங்க டீச்சரம்மா. குடிக்கிறவன் எல்லாத்துலயும் கீறான். நான் குடிக்கல. அத எழுதுங்க, போதும்.”

பல் டாக்டர் எந்தச் சிக்கலும் பண்ணவில்லை. நோட்டில் பேர், தேதி, ஒன்றேகால் மணி, கீழ்த்தாடை வலது கடைவாய்ப் பல், மரக்க ஊசி எல்லாம் இருந்தது. லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். மரத்துப்போன வாயோடு நாலு மணி நேரம் வரை பேச்சு குழறும் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த அறை முழுக்க லவங்க எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்து மூக்கைத் துளைத்தது. அங்கே அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்த என் புடவையே மணந்தது. ஜெயராம் சாரின் மூக்கு எதை மோந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு கம்பெனிக்கே போனேன். பர்சனல் ஆபீசர் கல்யாணராமன் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கெட்ட மனுஷர் இல்லை. நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. அந்த வார்த்தையை மெமோவில் போட்டது அவர்தான். பெரியவர் போனில் அப்படிச் சொன்னார், அப்படியே போட்டுவிட்டேன் என்றார். ஜெயராம் தும்மினால் அதையும் குறிப்பில் எழுதுகிற ஆள் போலிருக்கிறது. குடித்திருந்ததாகச் சந்தேகம் என்றால் டாக்டரிடம் காட்டிச் சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்க வேண்டாமா, நான் எத்தனை மெமோ பார்த்திருக்கிறேன் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பல் டாக்டர் லெட்டரெல்லாம் சரிம்மா. ஆனா அவரே எழுத்துல ஒத்துண்டுட்டாரே. அதை வெச்சுண்டு நான் என்ன பண்ண முடியும்?”

அது என் கடிதம், அவருடையது இல்லை என்றேன். யார் அடித்தால் என்ன, கையெழுத்து அவருடையதுதானே என்றார். எல்லாருக்கும் அதே கடிதம்தான் அடிப்பேன் என்றேன். அதை விசாரணையில் நிரூபியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஃபைலை மூடிவிட்டார்.

நிரூபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. எது அடித்தாலும் ஒரு கார்பன் காப்பி எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். காப்பி தொலைந்துபோச்சு டீச்சர் என்று மறுவாரமே வந்து நிற்பார்களே, அதற்காக. அன்று மத்தியானம் கடையில் வேலை எடுக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதங்களை மட்டும் பொறுக்கினேன். பாஷாவுடையதைத் தவிர நூற்றுப் பதினாறு. பேரையும் மெமோ எண்ணையும் தேதியையும் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருந்தது. அத்தனை பேரும் என் முன்னால் நின்று ஏதோ சொல்ல வந்திருப்பார்கள். யாரையும் நான் பேச விட்டிருக்க மாட்டேன்.

எண்பத்தைந்தாம் வருஷக் கட்டில் ஒரு பேரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஆர். கல்யாணராமன், டைம் கீப்பர். வேறு ஒரு கம்பெனி, ஆனால் சார்ஜ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தவரின் அதே பேர், அதே இனிஷியல். மூன்று பேனா இல்லாத, ஒல்லியான ஒரு ஆள் மங்கலாக ஞாபகம் வந்தார். அவர் என்ன தப்பு செய்தார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. கடிதத்திலும் இல்லை. என் கடிதத்தில் எதுவுமே இருக்காதே.

அதை அப்படியே பேரோடு கொண்டுபோய் எல்லார் முன்னாலும் நீட்டினால் என்ன என்று எனக்கு ஆசை வந்தது. ஒரு மணி நேரம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு பிளேடை எடுத்து நூற்றுப் பதினாறிலும் பேரையும் முகவரியையும் அறுத்தேன். என்னை நம்பி வந்தவர்கள், ஊர் சிரிக்கக் கூடாது. கல்யாணராமனுடையதையும் அறுத்தேன். ஆனால் அடுக்கும்போது அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை கம்பெனியின் மீட்டிங் ரூமில் நடந்தது. விசாரணை அதிகாரி கோமளம் என்கிற வக்கீலம்மா, அறுபது வயதிருக்கும், வெளியிலிருந்து போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் பாஷாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். ஒரு பக்கம் ஜெயராமும் கல்யாணராமனும், எதிரில் பாஷா தனியாக, வெளுத்து இஸ்திரி போட்ட யூனிஃபாரத்தில். நான் பாஷாவின் சாட்சி. முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மெமோவைப் படித்தீர்களா என்று கோமளம் கேட்டார். மேலோட்டமாகப் பார்த்தேன் என்றேன். அர்த்தம் புரிந்ததா என்றார். ஒரு வார்த்தை புரியவில்லை, கேட்கவில்லை என்றேன். அவர் என்ன செய்தார் என்று அவரிடமாவது விசாரித்தீர்களா என்றார். சொல்ல வந்தார், நான் விடவில்லை என்றேன். கோமளம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்புறம் எதை வெச்சு அந்த லெட்டரை அடிச்சேள்?”

“எல்லாருக்கும் அடிக்கிறதை அடிச்சேன் மேடம்.”

பதினேழு வருஷத்துத் தொழில், ஒரே வாக்கியத்தில் காற்றில் போன மாதிரி இருந்தது. போகட்டும் என்று கட்டைப் பிரித்து மேஜையில் வைத்தேன். நூற்றுப் பதினாறு பேர் கொடுத்த கடிதம் மேடம், பாஷா பாய் கடிதத்தோடு ஒத்துப் பாருங்கள், எதிலாவது யார் என்ன தப்பு செய்தார் என்று இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள் என்றேன். கோமளம் கட்டைக் கல்யாணராமன் பக்கம் நகர்த்தினார்.

அவர் மேலே இருந்ததை எடுத்தார். முதலில் அலட்சியமாகத்தான் படித்தார். பிறகு தேதிக்கு வந்தார், மெமோ எண்ணுக்கு வந்தார். அவர் கட்டைவிரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பேர் இருந்த இடத்தில் பிளேடால் அறுத்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த காகிதத்தை அவர் புரட்டவே இல்லை.

“என்ன சார், இருக்கா?” என்று கோமளம் கேட்டார்.

“இல்லை மேடம்.” அவரே தொடர்ந்தார். “இந்த லெட்டரை ஒத்துண்டதா எடுத்துக்க வேண்டாம். வேலை போயிடுமேன்னு பயந்துண்டு வரவா, எதுக்கு வேணாலும் இதைத்தான் குடுப்பா. செய்யாத தப்புக்கும் குடுப்பா.”

ஜெயராம் சடக்கென்று அவர் பக்கம் திரும்பினார். கல்யாணராமன் அந்தக் காகிதத்தைக் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். பெரியவரை மறுத்து ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஆபீசில் அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

கடிதம் போயிற்று, இனி மிச்சம் அந்த வார்த்தை. எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்று கோமளம் ஜெயராமைக் கேட்டார். பேச்சு குழறியது, ஏதோ நெடி அடித்தது, தள்ளாடினான், கேட்டில் இடித்தான் என்றார் அவர். என்ன நெடி என்றார் கோமளம். சுள்ளென்று ஒரு நெடி என்றார். மது நெடியா என்றார். ஜெயராம் யோசித்தார். டாக்டரிடம் காட்டினீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்றார்.

அப்போது பாஷா எழுந்தார். பல் டாக்டரின் கடிதத்தை மேஜையில் வைத்தார். கம்பெனி காரை அனுமதி இல்லாமல் கச்சேரி ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், அது தப்பு, அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். கோமளம் படித்து முடிக்கிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றார் கோமளம்.

“சார், இந்த வார்த்தைய நீங்க பின்சீட்ல எத்தினி தபா சொல்லிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களையே சொல்லிப்பீங்க, சிரிச்சிக்கினே. நானும் முன்னாடி சிரிச்சிக்கினு ஓட்டுவேன். பத்திரமா ஊட்டுல உடுவேன். காலைல உங்களுக்கு யாரும் மெமோ குடுத்ததில்ல. அதே வார்த்த எனக்கு வந்தா மட்டும் ஏன் சார் சோறு போவுது?”

கல்யாணராமன் தரையைப் பார்த்தார். ஜெயராமின் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன், நானும் பதிலுக்குக் கத்தத் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. தண்ணீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

“கோபத்துல போன்ல சொன்னது அது. அதை அப்படியே டைப் அடிச்சு அனுப்புவாங்கன்னு நான் நினைக்கலை” என்றார் கோமளத்திடம். பிறகு பாஷாவைப் பார்க்காமல், “மது நெடின்னு என்னால சத்தியமா சொல்ல முடியாது. எழுதிக்கோங்க” என்றார்.

கோமளம் எழுதிக்கொண்டார். ஜெயராம் நினைக்காமல் சொன்னார், கல்யாணராமன் கேட்காமல் அடிக்கச் சொன்னார், நான் கேட்காமல் அடித்தேன். மூன்று பேரும் அவரவர் நாற்காலியில் சுகமாக உட்கார்ந்திருந்தோம், நடுவில் நின்றது பாஷா. வெளியே வந்தபோது கல்யாணராமன் என் பின்னாலேயே வந்து கார்பன் கட்டை நீட்டினார். மேலே இருந்த காகிதத்தைக் காணவில்லை. நான் எண்ணிப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. மது அருந்தியதாகச் சொன்ன குற்றம் நிரூபணம் ஆகவில்லை, திங்கட்கிழமை வேலைக்கு வரவும். ஜைதூன் பீ அந்தக் காகிதத்தைத் தெருவில் படிக்கத் தெரிந்த அத்தனை பேரிடமும் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். என் கடையில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்து லாவண்யாவிடமும் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த புதன்கிழமை மத்தியானம் பாஷா வந்தார், யூனிஃபாரத்தோடு. கன்னம் வற்றியிருந்தது. ஜெயராம் சார் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். நல்லாக் கீறாரு, கிளப்பிலிருந்து வரும்போது இப்போதெல்லாம் டயர்டாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார் என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

புதிய மெமோ. கம்பெனி காரை அனுமதியின்றிச் சொந்த வேலைக்கு எடுத்ததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும். கல்யாணராமன் கையெழுத்து. இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாததாக இல்லை, இருந்தும் தமிழில் முழுசாகப் பாஷாவுக்குப் படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இது நான் செய்ததுதான், எழுதிவிடலாம் என்றார்.

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். மிஷினில் காகிதத்தைச் செருகினேன். பழக்கதோஷம், கை தானாகவே தங்கள் மெமோ கிடைத்தது, நடந்ததற்கு என்று பாதி வரி அடித்துவிட்டது. நிறுத்தினேன். காகிதத்தை உருவிக் கசக்கிக் கூடையில் போட்டேன். வெளியே எட்டிப் பார்த்து, நேரமாகும், இருக்கிறவர்கள் இருங்கள், போகிறவர்கள் சாயங்காலம் வாருங்கள் என்று சொன்னேன். ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, புதுக் காகிதம் செருகினேன்.

“சொல்லுங்க பாய். பல்லு வலி என்னைக்கு ஆரம்பிச்சுது?”